பாதி வீதி

முதல் நாள்
பதினேழு பேரைப் பனிக்கடலில் போட்டுவிட்டேன்.
அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியதில்
நிந்தவூரில் விழுந்தவர்கள்
வடதுருவத்துக்குக் கிட்ட மிதந்தார்கள்,
சாரத்தோடு, ஒற்றைச் செருப்போடு,
ஒருவர் இரண்டு கிலோ கத்தரிக்காயோடு.
ஜெஸ்லியா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
நிரல்களை மாற்றிப் போட
எல்லாரும் வெயிலுக்குத் திரும்பி வந்தார்கள்.

பொலிஸ் புத்தகத்தில் இடத்துக்கு இலக்கமில்லை.
பள்ளிவாசலுக்கு இங்கால.
வளைவு தாண்டி மூன்றாவது கரண்ட் கம்பம்.
சிங்களத்தில் எழுதியிருந்ததை
சார்ஜன்ட் தவேந்திரன் வாசிக்க வாசிக்க
நான் திரையில் ஊசி குத்தினேன்.
எந்தப் பள்ளிவாசல் சேர்?
பேனையைக் காதில் செருகி யோசித்தார்:
"பெரியது."

சிவப்பு வேண்டாம் என்றாள் ஜெஸ்லியா,
சிவப்புக்குக் கண் பழகிவிட்டது.
மஞ்சள் போட்டோம்.
வயல் பச்சையில் அது பூத்த மாதிரி இருந்தது,
கூச்சத்தில் உடனே அழித்தோம்.
செத்தவருக்குப் பெரிய வட்டம் வைத்தால்
பக்கத்தில் கால் முறிந்தவர்
அதற்கடியில் காணாமல் போகிறார்.
ஆகவே உள்ளே வெறுமையான வளையங்கள்,
தார் நிறத்தில்.
இதற்கே ஒரு பகல் போனது.

படத்தைச் சுருக்கினால்
புள்ளிகள் ஒன்றையொன்று விழுங்கி
நாற்பத்து மூன்று என்ற இலக்கமாகின்றன.
விரித்தால்
அவரவர் விழுந்த இடத்துக்கு
அவரவர் திரும்பிப் போகிறார்கள்.

மாத வரைபில்
மாசியும் பங்குனியும் மட்டும்
கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.
குடி, என்றார் இஞ்சினியர்.
குடி எல்லா மாதமும் இருக்கே சேர்.
ஜெஸ்லியா நேரத்தின் குமிழைப் பிடித்து
பகலிலிருந்து மெல்ல இழுத்தாள்.
ஆறு மணி, ஒன்றுமில்லை.
ஏழு.
வட்டைகளுக்கு நடுவே ஓடும் வீதிகள் மட்டும்
வளையம் வளையமாய்க் கொப்பளித்தன.

நெல், என்றேன்.

அறுவடைக்குப் பிறகு பாதி வீதி எங்களுடையது.
பகலில் தாரின் சூட்டில் பரப்பி
காலால் உழுது காயவைப்போம்.
பொழுது பட்டால் குவித்துப் படங்கு மூடி
கரையில் கல்லை வரிசையாய் அடுக்குவோம்,
லொறி ஏறாமலிருக்க.
கறுத்த வீதியில் கறுத்த கல்.

மல்வத்தையில் எங்கள் வாசலைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சுத்தமாக இருந்தது.
இரண்டு வருடத்துக்கு முந்தி
எங்கள் கல்லில் ஏறி விழுந்தவர்
எழும்பி, சேட்டைத் தட்டி,
அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து,
பரவாயில்லை என்று சொல்லி
பைக்கை உருட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.
அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை.
முறைப்பாடு இல்லை, ஆகவே புள்ளி இல்லை.
புத்தகத்தில் இல்லாததைப் படத்தில் போட
எனக்கு அதிகாரமும் இல்லை.

என் மடிக்கணினியில் மட்டும்
இன்னொரு அடுக்கு திறந்தேன்.
பெயர் வைக்கவில்லை.
அதில் ஒரேயொரு வளையம்.
சுட்டியைக் கொண்டுபோனால்
வெற்றுப் பெட்டி ஒன்று திறக்கிறது.

இரவு அண்ணனுக்கு எடுத்தேன்.
கல்லை எடுங்க, இல்லாட்டி
ஒரு லைட்டாவது போட்டு வைங்க.
"நெல் இன்னும் ஈரம்," என்றான்.
"ரோட்டை விட்டா
எங்க கொண்டுபோய்க் கொட்டுற?"
பின்னால் ஏதோ மோட்டார்சைக்கிள் சத்தம்
கிட்ட வந்தது.
இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்,
அது கடந்து போகும்வரைக்கும்.