மடியில் கனம்

வேலூரில் ஏறும்போதே நிற்க இடமில்லை.
ஜன்னல் வழியே துண்டு போட்டுப் பிடித்த இருக்கை;
பதினேழு வருடம் கழித்தும் கை மறக்கவில்லை.
குடியாத்தம் போகும் வண்டி.
பாலத்துக்குக் கீழே பாலாறு
வழக்கம்போல் மணலாகப் போய்க்கொண்டிருந்தது.

"இதக் கொஞ்சம் புடிச்சிக்கப்பா" என்று
ஒரு பை என் மடிக்கு வந்தது.
கொடுத்தவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
மேல்கம்பிக்கு அவளுக்கு இரண்டு கையும் வேண்டும்.
கட்டைப்பை. துணிக்கடைப் பெயர் பாதி அழிந்தது.
வாயைச் சணல்கயிற்றால் கட்டியிருந்தாள்.
உள்ளே ஏதோ கெட்டியாக, ஓரம் கூராக.

நான் இருக்கும் ஊரில்
ஆளில்லாத பை என்றால் வண்டி நிற்கும்.
ஒலிபெருக்கி நான்கு மொழியில் சொல்லும்.
நாயோடு வருவார்கள். நாங்கள் வெளியே
பனியில் நின்று வீட்டுக்குப் போன் போடுவோம்:
நேரமாகும், நீங்கள் சாப்பிடுங்கள்.

இதெல்லாம் மார்ச்சுக்குப் பிறகு.

மார்ச்சில்
ஒன்பதாம் எண் டிராமில்
ஒரு நீலப் பையை நான் பார்த்தேன்.
இருக்கைமேல் இருந்தது. உட்கார இடம் வேண்டி
நானேதான் அதைத் தூக்கிக் கீழே வைத்தேன்,
சாய்ந்துவிடாமல், என் கால் நடுவே, பத்திரமாக.
யாரோ பின்னால் நிற்கிறார்கள்,
இறங்கும்போது கேட்பார்கள் என்று.
கேட்கவில்லை. என் நிறுத்தம் வந்தது.

பதினொரு நிமிடம்.
ஆறு பேர்.
அதில் ஒருத்தி, செய்தித்தாள் படத்தில்,
பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.
அதட்டவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்.
குடியாத்தம் பஸ்ஸை
அவர் மொழியில் எப்படிச் சொல்ல?
"எங்கள் ஊரில் ஒரு பை என்றால்
கிட்டத்தில் எங்கோ ஓர் ஆள் இருப்பார்" என்றேன்.
மொழிபெயர்த்தவள்
இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"அங்கெல்லாம் சேஃப்பா கீதா?" என்கிறான்
மச்சான் முனிரத்தினம், தினம் ஒரு தடவை,
ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க்மேல் வைத்துக்கொண்டு.
போன மாசியில் இங்கே சந்தைமேட்டில்
பட்டப்பகலில் ஒருவனை வெட்டினார்கள்.
முப்பது கடை. ஷட்டர்கள் மளமளவென்று இறங்கின.
சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.
போலீஸ் வைத்த கேமரா
ஒரு காதுகுத்து பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அங்கே அன்றைக்கு ஒரு பூக்கடைக்காரி
இறக்கிய ஷட்டரை மறுபடி தூக்கி
நாற்பது பேரை உள்ளே இழுத்தாளாம்.
இதை முனிரத்தினத்திடம் சொல்லவில்லை.
"இருக்குது, பரவாயில்ல" என்றேன்.

காட்பாடி தாண்டியது. பை கனத்தது.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
திருடனுக்கு அஞ்சியவர்கள் சொன்னது அது.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே ஏதோ
டக், டக் என்று தட்டியது.
கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
வாய் கேட்டுவிட்டது:
"உள்ள என்ன இருக்குதும்மா?"

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.
ஷூவை, கைக்கடிகாரத்தை,
பையைத் தொடாமல் விலகி நின்ற
என் இரண்டு கைகளை.

"இன்னா இருக்கும்? எங்க வூட்டுக்காரரு எக்ஸ்ரே.
ஒரு டிபன் பாக்ஸு. மூடி சரியா நிக்காது."

கோபமில்லை. கை நீட்டி வாங்கி
பக்கத்து இருக்கைக்காரர் மடியில் வைத்தாள்.
அவர் தூக்கத்திலேயே அதை அணைத்துக்கொண்டார்.

லத்தேரியில் கூட்டம் தள்ளியதில்
முன்வாசல் வழியே இறங்கிவிட்டாள்.
பை உள்ளேயே இருந்தது.
"யம்மா, பையி!" என்று யாரோ கத்த
தலைகளுக்கு மேலே
கை மாறிக் கை மாறிப் போனது அது,
வளையல் போட்ட கை, கிரீஸ் படிந்த கை,
ஒரு பள்ளிக்கூடப் பையனின் மசிக் கை.

நானும் கையைத் தூக்கினேன்.
அதற்குள் எனக்கு முன்னால் இருந்தவர்
வாங்கி ஜன்னலுக்கு வெளியே கொடுத்துவிட்டார்.