இரண்டு குடுவைகள்

குளிர்கோபுரத்தின் ஆவியும்
லாபே ஆற்றின் மூடுபனியும் கலந்து
எது எதுவென்று தெரியாத டிசம்பர் இரவு.
மூன்றாம் ஷிஃப்டில் வ்லஸ்தா மட்டும்.

தொண்ணூறு நாள் நீரோட்டத்தில் தொங்கிய
இரும்புத் தகட்டைக் கழற்றி
அமிலத்தில் கழுவி, உலர்த்தி, நிறுக்கிறாள்.
முப்பத்தொரு மில்லிகிராம் குறைவு.
கொடுக்கலாம், இவ்வளவு கொடுக்கலாம்.

துருவுக்கு இரண்டு இடம் வேண்டும்.
ஓரிடத்தில் இரும்பு கரையும்.
கொஞ்சம் தள்ளி, சத்தமில்லாமல்,
ஆக்சிஜன் உட்கார்ந்து தின்னும்.
துத்தநாகம் காயத்துக்குப் போவதில்லை.
தின்னும் வாயைத் தேடிப்போய்
அங்கே காரம் கூடிய நீரில்
வெள்ளையாய்ப் படிந்து அதை அடைக்கும்.
லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் போதும்.

முன்பு இங்கே குரோமேட்.
தொட்டி முழுக்க மஞ்சள்.
அன்றைய குழாய்கள் புதுசு போலிருந்தன என்பார்கள்;
அந்த மஞ்சளில் கைவிட்டவர்களைப் பற்றிக் கேட்டால்
காபி ஆறுகிறது என்பார்கள்.

இரண்டு மணி பத்து.
அமிலப் பம்பு எப்போது நின்றதோ.
பி.எச். ஒன்பது புள்ளி ஒன்று.
வடிகட்டாத குடுவையில் துத்தநாகம் இரண்டு.
வடிகட்டியதில் ஒன்றுமேயில்லை.
கரைந்திருக்கும் வரைதான் காவல்,
திரண்டால் வெறும் சேறு.

வடிகால் ஆற்றில் விழும் இடத்திலிருந்து
இருநூறு மீட்டர் தள்ளி
அக்காள் கணவன் ஓட்டகர் தூண்டில் போடுவான்.
கிறிஸ்துமஸ் கெண்டையைக் கடைத்தொட்டியில் வாங்குவது
அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.
அவன் தந்த செதில் ஒன்று, போன வருடத்தது,
பணம் தங்கும் என்று அவள் பர்ஸில் இருக்கிறது.
செதில் தங்கியிருக்கிறது.

பெயரிலேயே நாகத்தை வைத்திருக்கும் உலோகம்
குழாயைக் கொத்தாது.
செவுளைக் கொத்தும்.

வடிகால் வால்வை மூடினாள்.
போனில் ஹினெக், தூக்கம் கலையாத குரல்:
“உப்பு ஏறும். திற.”
“ஏறட்டும். காலை வரை தாங்கும்.”
“யார் கையெழுத்து?”
“என்னுடையது. போட்டாயிற்று.”
போனை வைத்த பிறகுதான்
பேனாவைத் தேடினாள்.

பம்பின் ஊசிவால்வில் ஏதோ அடைப்பு, அவ்வளவுதான்.
அமிலம் மறுபடி சொட்டியது.
எட்டரை. எட்டு. ஏழு புள்ளி எட்டு.
கலங்கல் பாதி கரைந்தது.
மீதி எந்தக் குழாயின் எந்த வளைவில் படிந்ததென்று
மே மாதம் திறக்கும்போது தெரியும்.
அப்போது யார் ஷிஃப்டோ.

விடியுமுன் புதுத் தகடு ஒன்றை
விரல்ரேகை படாமல் இடுக்கியால் எடுத்து
எண்ணைக் குறித்தாள், எடையைக் குறித்தாள்,
இருட்டு நீரில் தொங்கவிட்டாள்.