கை தூக்குதல்

வால்பரைசோவில் எல்லாத் தெருவும் மேடு.
பஸ்ஸை நிறுத்தக் கை தூக்க வேண்டும்.
நான் பையைத் தாழ ஆட்டுவேன்,
ஓட்டுநர்களுக்குப் பழகிவிட்டது.

பத்தொன்பது வயதில் அக்குளில் முதல் கட்டி.
சூட்டுக்கட்டி என்றார் மருந்துக்கடைக்காரர்.
கீறினார்கள், வடிந்தது, ஆறியது.
அதே இடத்தில் இன்னொன்று,
பிறகு தொடையிடுக்கில்.
நன்றாகக் குளி என்றார் ஒரு மருத்துவர்.
எடையைக் குறை என்றார் அடுத்தவர், நிமிராமலே.
நாளைக்கு மூன்று முறை குளித்தேன்.
வெள்ளைச் சட்டை வாங்குவதை விட்டேன்.
நள்ளிரவில் எர்னானின் கை மேலே விழுந்தால்
தூங்குகிறவள் போலப் பல்லைக் கடித்தேன்.

பதினோரு வருடம்.

விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்தவள்,
ஹசிந்தா, என்னைவிடச் சின்னவள்,
கட்டியைப் பார்க்குமுன் கேட்டாள்:
திரும்பத் திரும்ப வருகிறதா? அதே இடங்களிலா?
சொல்லக் கூசுகிற இடத்திலுமா?
வீட்டில் வேறு யாருக்காவது?
ஜனவரி வெயிலிலும் அம்மா
சால்வையைக் கழற்றாதது அப்போதுதான் உறைத்தது.

அழுக்கில்லை, ஒட்டுவதுமில்லை என்றாள்.
மயிர்க்கால் அடைத்து உள்ளுக்குள் வெடிக்கிறது,
தோலுக்கடியில் சுரங்கம் பறிக்கிறது.
ஹைட்ரடினைட்டிஸ்.
படியிறங்கும்போது சொல்லிப் பார்த்தேன்,
ஏமாற்றிப் போனவனின் முழுப்பெயர்
கடைசியில் கிடைத்ததுபோல.

தீரவில்லை.
குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஊசி,
வாரம் ஒன்று. தொளதொளப் பருத்தி.
சிகரெட்டை விட்டேன், இரண்டு தடவை.
போன மாதம் ஒன்று முளைத்தது;
பிதுக்கவில்லை, மறைக்கவில்லை, அவளிடம் போனேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் வந்தது.
வலது கை தானாக மேலே போனது,
காதையும் தாண்டி.
ஓட்டுநருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை,
நிறுத்தாமல் போய்விட்டார்.