நற்கருணைக்குப் பின் அறிவிப்புகள்

உட்காருங்கள் என்று சாமியார் கை காட்டுகிறார்.
பெஞ்சு இல்லாத கோயிலில் ஊர் உட்காருவது
ஓர் அலை மணலில் படிவதுபோல.
முன்வரிசைப் பிள்ளைகள் முதலில்,
பிறகு சேலை மடிப்புகள்.
கதவோரம் நிற்கும் ஆண்கள் மட்டும்
கடைசிவரை உட்காருவதில்லை.

மைக்கை என் உயரத்துக்குத் தாழ்த்துகிறேன்.
வாய் திறக்குமுன் கடல் ஒரு வார்த்தை முந்துகிறது.

திங்கள் மாலை, வியாகுல மாதா அன்பியக் கூட்டம்,
பனிதாசன் வீட்டில். பாய் பற்றாது, கொண்டுவரவும்.
செவ்வாய், வின்சென்ட் தே பால் சபை அரிசி பங்கிடும்.
அட்டை உள்ளவை முப்பத்தொரு வீடு.
அட்டை இல்லாதவர்கள் வெட்கப்படாமல் வரலாம்.
(வெட்கப்படாமல் என்பது நான் சேர்த்தது.)
யாரோ ஒரு பிள்ளையின் வலதுகால் செருப்பு,
நீல நிறம், கெபியில் இருக்கிறது.

பிறகு வெள்ளிக்கிழமை.

வருகிற வெள்ளி சிலுவைப்பாதை
நம் குருசடியில் தொடங்கி
பொழியைக் கடந்து
அக்கரைக் கோயிலில் முடியும்.

குளச்சல் சந்தையில்கூட முகம் பார்க்காத இரண்டு ஊர்.
யார் வலைமேல் யார் வலை விழுந்தது என்பதற்கு
இக்கரையில் ஒரு கணக்கு, அக்கரையில் ஒரு கணக்கு.
அன்றிரவு ஏழு வள்ளம் எரிந்தது,
நாலு நம்முடையது, மூன்று அவர்களுடையது.
பைபர் முழுதாய்ச் சாம்பலாவதில்லை.
கண்ணாடி நூல் மிஞ்சி மணலுக்குள் கிடந்து
இரண்டு வருடமாய்க் காலில் குத்துகிறது.
என் தம்பி சில்வெஸ்தர்
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தான்.

வாசிக்கிறேன்.
எரிந்த வள்ளங்களுக்கு நிதி, வீட்டுக்கு ஒரு நாள் பாடு.
இரு கரைக்கும் ஒரே உண்டியல்.
யார் வள்ளம் முதலில் என்பது சீட்டுக் குலுக்கி.
கதவோரம் ஓர் இருமல்.
அது இருமல் இல்லை.

முடிவில் கஞ்சியும் பயறும், அறுநூறு பேருக்கு.
நம் பெரிய வார்ப்பு அவர்களிடம்தான் இருக்கிறது.
சண்டைக்கு முந்தின வாரம்
அவர்கள் திருவிழாவுக்கு இரவல் போனது,
விளிம்பில் நம் புனிதர் பெயர் வெட்டியது.
அதை நினைத்துத் திட்டாமல்
இந்த ஊரில் ஒரு கல்யாணம் நடக்கவில்லை.
"தேய்த்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு அவிழ்ந்து
முக்காட்டுக்குள் போய்விட்டது.

ஐந்தாம் நிலை.
சீமோன் சிலுவையைச் சுமக்க உதவுகிறார்.
சுமப்பவர்: அக்கரை, எரோணிமூஸ்.
நேற்றிரவு தட்டச்சு செய்யும்போதே
மூன்று முறை தப்பாக அடித்த பெயர்.
தீப்பந்தம் பிடித்த கை என்று
தம்பி தூக்கத்திலும் சொல்லும் கை.
இக்கரையிலிருந்து சேர்ந்து சுமப்பவர்:
அங்கே சாமியார் புள்ளி வைத்து விட்டிருந்தார்,
ஒரு வரி முழுக்க.

புள்ளிகளை எப்படி வாசிப்பது?

வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவனைப்
பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள் என்றுதான்
நற்செய்தியில் இருக்கிறது.
விரும்பி வந்தான் என்று இல்லை.
தோள் கொடுத்தபின் விரும்பினானா,
வீட்டுக்குப் போய் என்ன சொன்னான்,
அதுவும் இல்லை.

பெயர் பின்னர் அறிவிக்கப்படும் என்றேன்.
யாரும் இருமவில்லை.
எழுந்து நிற்போம் என்றார் சாமியார்.
கதவோரம் நின்றவர்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

பூசை முடிந்து செருப்புத் தேடும் நெரிசலில்
தம்பி பக்கத்தில் வந்தான்,
இடது கை வழக்கம்போல் பைக்குள்.
என்னைப் பார்க்காமல், பொழிப் பக்கம் பார்த்துக் கேட்டான்:

"இந்த வருஷம் பொழி இன்னும் அடையல்ல.
சிலுவையும் ஆளுமா அத்தன பேர
யாரு வள்ளத்துல ஏத்திக் கொண்டு விடுவா?"

தாளைத் திரும்ப விரித்துப் பார்த்தேன்.
அது எழுதியிருக்கவில்லை.