இரண்டு துளையிலும்

பாதி வீட்டைத்தான் வாங்கினோம், சோமனூரில்.
மறுபாதி குப்பண்ணருடையது.
நடுவில் ஹாலோபிளாக் சுவர்,
அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்த மாசமே எழுப்பியது.
பூச்சு எங்கள் பக்கம் மட்டும்.

டைல்ஸ்காரர் போன மறுநாள்
முன்னறையில் ஃபேன் சுற்றுகிறது,
அடுப்படியில் மிக்சி ஓடவில்லை.
மயிலானந்தன் வந்தார். பாதி கடித்த கொய்யாக்காயை
ஜன்னலில் வைத்துவிட்டு டெஸ்டரை எடுத்தார்.
வலது துளை: எரிந்தது.
இடது துளை: அதுவும் எரிந்தது.

ரெண்டிலும் வந்தால் ரெண்டு மடங்கு ஓட வேண்டாமா?
எனக்குத் தெரிந்த மின்சாரம் அவ்வளவுதான்.
"வந்துருச்சுங்க்கா. திரும்பிப் போக வழியில்ல,
அங்கயே நிக்குது."

பாத்ரூம் பல்பு எரியாமலே ஆனில் கிடந்தது.
அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.
இடது துளை செத்தது.
போட்டேன். மறுபடி உயிர்.
பல்புக்குள் நுழைந்த கரண்ட்டு
வெளியேற வாசலில்லாமல்
இங்கே வந்து எட்டிப் பார்க்கிறதாம்.
"கறுப்பு ஒயருதானேன்னு தொட்டிருந்தா
இன்னேரம் எனக்குக் கோடித்துணி."

கறுப்பைப் பிடித்துக்கொண்டே போனோம்.
சுவிட்ச் போர்டு, பரண், பாத்ரூம் மேல்சுவர்.
அங்கே பைப் திரும்பி
பாகச் சுவருக்குள் போய்விட்டது.

குப்பண்ணர் அன்று விடியலில்தான்
பழனிக்கு நடக்கக் கிளம்பியிருந்தார்,
மெயினை இறக்கி, வீட்டைப் பூட்டி.

தோட்டத்தைப் பிரித்திருக்கிறார்கள்.
பன்னிரண்டு தறியில் ஆளுக்கு ஆறு.
கிணற்றுக்குக் கிழமை வைத்து முறை.
புது மீட்டர் வாங்கி சிவப்பை மாற்றியவர்கள்
பின்கட்டுக் கறுப்பை மறந்துபோனார்கள்.
பேச்சு நின்ற பதினெட்டு வருஷமும்
நாச்சிமுத்து வீட்டில் மாவரைத்த கரண்ட்டு
தம்பி வீட்டு வழியாகத்தான் போய்வந்திருக்கிறது.
"மீட்டருக்கு இது தெரியாதுங்க.
பில்லு ரெண்டு பக்கமும் சரியாத்தான் வந்திருக்கும்."

புது ஒயர் பதினாலு மீட்டர்.
பழைய நுனியில் டேப் சுற்றி
சுவருக்குள்ளேயே தள்ளி, சிமெண்ட் பூசினார்.
நாச்சிமுத்துவுக்கு போன் போட நம்பரை எடுத்தேன்.
என்ன சொல்வது? வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் குப்பண்ணர்,
காலில் கொப்புளம், கையில் பஞ்சாமிர்த டப்பா.
"ஊட்டு வேலையெல்லாம் ஆச்சுங்களா அம்மிணி?"
"ஆச்சுங்க."
உள்ளே போனார், மெயினைப் போட்டிருப்பார்.
டக்கென்று சத்தம் கேட்டிருக்க வேண்டும்.
இங்கே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.