இருப்புப் பேரேடு

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ரொட்டிக்கடைக்கு மேல் மாடி.
துப்பாக்கிக் கடை என்றதும் சுவர் நிறையத் துப்பாக்கி என்று நினைப்பார்கள்.
இருந்தது ஓர் இரும்புப் பெட்டி, இரண்டு நாற்காலி,
கணக்கு எழுத நான்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை
குதிரைவெட்டி எஸ்டேட் ஞானதிரவியம்
சொட்டச் சொட்ட ஏறி வந்தார்.
மடியில் மடித்து வைத்த கலெக்டர் உத்தரவு:
ஒற்றைக் கொம்பன். இரண்டு ஆள் சாவு. சுட்டுக்கொள்ளலாம்.
ஈரக் காகிதத்தை மேசையில் ஒட்டவைத்துவிட்டுக் கேட்டார்,
"எதைக் கொண்டு போகட்டும் வே?"

இரண்டையும் எடுத்து நிறுத்தினேன்.
முந்நூற்று எழுபத்தைந்து மேக்னம்: தோள் சரிந்த ஒல்லி உடம்பு,
தூரம் போனாலும் சொன்ன இடத்துக்குப் போகும்.
நானூற்று ஐம்பத்தெட்டுக்குத் தோளே கிடையாது,
நேரே இறங்கும் குழாய், மழுங்கிய மூக்கு.
இரண்டுக்கும் அடியில் ஒரே மாதிரிப் பித்தளை ஒட்டியாணம்.

"கிட்ட வந்துட்டா பெரிசு.
கிட்ட வராம இருக்கணும்னா சின்னது" என்றேன்.
நான் ஒரு புறாவைக்கூடச் சுட்டதில்லை.

சின்னதுக்குச் சொந்தத் துப்பாக்கி இருந்தது அவருக்கு.
பெரியதுக்கு அம்பாசமுத்திரத்து மச்சினனிடம் கேட்க வேண்டும்.
"கேட்டா குடுப்பான். குடுத்ததைச் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்.
ஒரு தடவை சுட்டா தோள்பட்டை மூணு நாளைக்கு இல்லை."

கீழ்க்கடை ஆசாரியிடம் தராசு வாங்கி வந்து
கழற்றி வைத்திருந்த மாதிரிக் குண்டுகளை நிறுத்தேன்.
சின்னது இரண்டரைப் பவுன், நாலைந்து குன்றிமணி குறைவு.
பெரியது நாலு பவுன், மூன்று குன்றிமணி கூட.
"தங்கச்சிக்குப் போட்டதே நாலுதானய்யா" என்று சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
பெரிய தோட்டாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

சத்தமில்லை.
மூன்று அடைமழை பார்த்த சரக்கு.
"மருந்து கட்டிதட்டிப் போச்சோ?"
"அதுல மருந்தை அமுக்கித்தான் அடைப்பாங்க.
புதுசும் பேசாது, கெட்டதும் பேசாது."
சின்னதைக் குலுக்கினார்.
சுளகில் கொள்ளு புரள்வதுபோல ஏதோ சலசலத்தது.
"பேசுறதையே குடும்."
ஐந்து. லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்து கையெழுத்து வாங்கினேன்.

பதினோராம் நாள் வந்தார், மூன்று தோட்டாவோடு.
நாற்பது தப்படியில் ஒன்று, நெற்றிக்குக் கீழே.
மற்றது விழுந்து கிடந்த பிறகு,
பயத்துக்கு.

கைக்குட்டையில் இன்னொன்று முடிந்திருந்தது.
கறுத்து, நசுங்கி, வேப்பங்கொட்டை அளவில் ஈயம்.
யாரோ எப்போதோ சுட்ட நாட்டுத் துப்பாக்கிக் குண்டு.
இல்லாத கொம்பின் வேரில் சீழுக்குள் கிடந்ததாம்.
பூதத்தான் காணிதான் கத்தியால் நெம்பி எடுத்துக் கையில் தந்தார்,
ஒன்றும் சொல்லாமல்.
"நிறுத்துப் பாரும்."

முக்கால் பவுன்.

"இதுக்குப் போயி..." என்றவர்
படி இறங்கிவிட்டார். ஈயத்தை எடுத்துக்கொள்ளவில்லை.
தராசுத் தட்டைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தேன்.
நாற்றம் இருக்கிறது என்று ஆசாரி திரும்ப வாங்கவில்லை;
பதினெட்டு ரூபாய் என் சம்பளத்தில் போனது.

கொடுத்தது ஐந்து, திரும்பியது மூன்று, செலவு இரண்டு.
இந்தப் பக்கம் சரியாக இருந்தது.

பிறகு சட்டம் வந்தது. காட்டில் எதையும் சுடக்கூடாது.
பெரியது ஆறும் பெட்டியிலேயே கிடந்தன,
இன்னும் சில அடைமழைகள் மேலே பெய்ய.
கடையை மூடும்போது ஒப்படைக்கக் கொண்டு போனேன்.
புதிதாய் வேலைக்கு வந்த கான்ஸ்டபிள்,
மீசை சரியாக அரும்பாத பையன், கேட்டான்:
"இதெல்லாம் இன்னும் வெடிக்குமா அண்ணாச்சி?"

ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினேன்.

ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.