மூன்று பங்கு

கழனிவாசல் போகும் வழியில்
ஸ்கேன் சென்டருக்கு எதிரே
முப்பத்தேழு கார் நிற்கும் பொட்டல்.
பங்காளிகள் மூவர். வழக்கு தேவகோட்டையில்.
தீர்ப்பு வரும்வரை
சுண்ணாம்புக் கோடு இரண்டு,
சீட்டுக்கட்டு மூன்று நிறம்,
எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தன்.

வயிரவன் பங்கில் மணிக்கு இருபது.
உமையாள் ஆச்சி பங்கில் நாளுக்கு ஐம்பது,
முகூர்த்த நாளென்றால் நூறு.
பினாங்கில் இருப்பவர் பங்கில்
ரேட் எழுதிய பலகையை
யாரோ பெயர்த்துப் போய்விட்டார்கள்.
கொடுத்ததை வாங்கிக்கொள்கிறேன்.
நிழலும் அங்கேதான். ஒற்றை வேம்பு.

‘வண்டிகள் உரிமையாளர் பொறுப்பு’
என்று வாசலில் எழுதியிருக்கிறது.
எந்த உரிமையாளர் என்று கேட்டார்
பக்கக் கண்ணாடி உடைந்துபோன ஒரு வக்கீல்.
அதைத்தான் சார்
கோர்ட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது
பதினோரு வருஷமாய் என்றேன்.

அடுத்த வண்டியை மறித்து நிறுத்துகிறவர்
ஹேண்ட்பிரேக் போடவேண்டாம், கியரில் விடவேண்டாம்.
இது பலகையில் இல்லை, நான் சொல்வது.
நியூட்ரலில் விட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.
தோள் கொடுத்தால் போதும்,
பசுமாடு மாதிரி நகர்ந்து வழிவிடும் அவர்கள் வண்டி.
பள்ளத்தூர் டீச்சர் ஒருவர்
போன் நம்பரும் எழுதி வைப்பார், கொட்டை எழுத்தில்.
கீழே, ‘மன்னிக்கவும், பல் பிடுங்கப் போயிருக்கிறேன்.’

வைகாசியில் ஒரு முகூர்த்தம்.
வெள்ளை இன்னோவா கோட்டைத் தாண்டி நின்றது,
முன்சக்கரம் ஆச்சி பங்கில்
பின்சக்கரம் வயிரவன் பங்கில்.
இரண்டு வீட்டுக் கணக்கரும் வந்துவிட்டார்கள்.
வைப்பரில் இரண்டு சீட்டு,
ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ்.
பானட் சூட்டில் கையை வைத்துக்கொண்டே
கத்தினார்கள் இருவரும்.

சாப்பிட்ட கை காயாமல் வந்தான் டிரைவர்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
பின்னால் எடுத்தான். இறங்கிப் பார்த்தான்.
இன்னும் ஒரு சாண் எடுத்தான்.
ரோஸ் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.
மஞ்சளை என்னிடம் நீட்டினான்,
ஒரு தாம்பூலப் பையோடு.
கணக்கர்களுக்குப் பை இல்லை.

அன்றிரவு மழை.
மூவர் பங்கும் ஒரே சேறு.
விடியுமுன் சுண்ணாம்பு குழைத்து
கண்ணளவில் இழுத்தேன்.
போன மழைக்கு நாலு விரல் கிழக்கே போயிருந்தது,
இந்த மழைக்கு மேற்கே.
அமீனா வந்து அளக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டின் மேலேயே நிற்கிறது என் சைக்கிள்.
அதற்கு எந்த நிறச் சீட்டு என்று
இன்னும் யாரும் கேட்கவில்லை.